=, ==, := — புதிதாகப் படிப்பவரை இந்தக் குறிகள் ஏன் குழப்புகின்றன?

கேள்வி இது: "பள்ளியில் = என்றால் சமம் என்று படித்தேன். ப்ரோக்ராமிங் கற்க ஆரம்பித்த இரண்டாம் நாளே எண் = எண் + 1 என்று ஒரு வரி வந்தது. ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடுதலாக எப்படி இருக்கும்? சமமா என்று பார்க்க == போடச் சொல்கிறார்கள். ஒரு மொழியில் ===, இன்னொன்றில் :=, வேறொன்றில் <-. மொழியை உருவாக்குபவர்கள் இஷ்டத்துக்குக் குறிகளை வைத்துக்கொள்கிறார்களா? இல்லை, எனக்குக் கணக்கு வராததால்தான் புரியவில்லையா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கணக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது. அதனால்தான் இந்த வரி உறுத்துகிறது. பல வருடங்களாகப் புதியவர்களுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எண் = எண் + 1 என்ற வரியைப் பார்த்து, "இது தப்பாச்சே" என்று கையைத் தூக்குபவர்கள் பெரும்பாலும் கவனமாகப் படிப்பவர்கள்தான். அந்தக் கேள்விக்கு "அது அப்படித்தான், பழகிக்கொள்" என்று பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. நியாயமான கேள்வி, அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது.

நம் கணக்குப் புத்தகத்தையே திறந்து பாருங்கள். "அ = 5 என்க" என்று ஒரு வரி இருக்கும். சற்றுக் கீழே "அ = 5 எனில், ஆ-வின் மதிப்பு என்ன?" என்று இன்னொரு வரி. இரண்டிலும் குறி ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. முதல் வரி அ-வுக்கு ஒரு மதிப்பைக் கொடுக்கிறது, இரண்டாவது ஒரு நிபந்தனையைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டிக்கொடுத்தது = குறி அல்ல, பின்னால் வந்த "என்க", "எனில்" என்ற சொற்கள். அவை அத்தனை இயல்பாக வந்து உட்கார்ந்துவிடுவதால் = குறிக்கு ஒரே பொருள்தான் என்று நாம் நம்பிவிட்டோம்.

1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியபோது இந்தச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மதிப்புக் கொடுக்கும் வரி "லெட்" என்று ஆரம்பிக்கும், நிபந்தனை "இஃப்" என்று ஆரம்பிக்கும். லெட்டை "என்க" என்றும் இஃப்பை "எனில்" என்றும் படித்துப் பாருங்கள், கணக்குப் புத்தகம்தான். இரண்டுக்கும் = ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு வந்த பேசிக் வகைகளில் லெட் போடாமலும் எழுதலாம் என்றானது. உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேலையைச் சொல்லிவந்த சொல் போய்விட்டது, முழுப் பாரமும் குறியின் தலையில் விழுந்தது.

ஆனால் = குறியை மதிப்புக் கொடுக்க முதலில் எடுத்துக்கொண்டது பேசிக் இல்லை. இந்தக் குறியைக் கணக்குக்குக் கொடுத்தவர் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட், ஆண்டு 1557. "சமம்" என்று ஒவ்வொரு முறையும் எழுதி அலுத்துப்போனதால், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டுக்கொண்டார். அதைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, 1957-இல், ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் = என்றால் "வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வை". அவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த முதல் ஃபோர்ட்ரானில் "சமமா?" என்று கேட்க ஒரு குறியே கிடையாது. ஒரு கணக்கின் விடை குறையெண்ணா, பூச்சியமா, மிகையெண்ணா என்று பார்த்து மூன்று வழிகளில் ஒன்றுக்குத் தாவும் ஏற்பாடுதான் இருந்தது. = குறிக்குப் போட்டியே இல்லை. பின்னால் ஒப்பீட்டுக் குறிகள் வந்தபோதும், துளை அட்டை இயந்திரங்களில் <, > எழுத்துகள் இல்லாததால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எழுத்துகளைப் போட்டு .ஈக்யூ. (சமமா), .ஜிடி. (பெரிதா) என்று எழுதினார்கள். இயந்திரத்தில் எந்த எழுத்து இருந்ததோ அதுதான் மொழியில் குறியாக நிலைத்தது. இந்தக் கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

ஆல்கால் என்ற மொழியை வடிவமைத்த குழுவினர் இதைப் பார்த்துவிட்டு 1958-லேயே பிரித்துவிட்டார்கள். மதிப்புக் கொடுக்க :=, ஒப்பிட =. கணக்கில் படித்த = தன் பழைய பொருளிலேயே இருக்கும், புது வேலைக்குப் புதுக் குறி. 1970-இல் வந்த பாஸ்கலும், பிறகு ஏடாவும் அதே வழி. என்னைக் கேட்டால், புதியவர் பக்கம் நின்று எடுத்த முடிவு அதுதான்.

அப்படியானால் இன்று ஏன் எங்கு பார்த்தாலும் = மற்றும் ==? பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி பி என்ற மொழியை உருவாக்கினார். பிசிபிஎல்லில் ஆல்கால் வழக்கம்தான் இருந்தது. தாம்ஸன் := என்பதை = ஆக்கினார், ஒப்பீட்டை == ஆக்கினார். ஒரு நிரலில் ஒப்பிடுவதைவிட மதிப்புக் கொடுப்பதுதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வரும், ஆகவே அதன் குறி பாதி நீளத்தில் இருப்பதே சரி என்பது அவர் தரப்பு நியாயமாகச் சொல்லப்படுவது. மெதுவான தட்டச்சு முனையத்தில் நாள் முழுக்க நிரல் எழுதும் நிபுணருக்கு அது நல்ல முடிவு. பி மொழியிலிருந்து சி வந்தது. சி-யிலிருந்து சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் அந்தப் பழக்கத்தை வாங்கிக்கொண்டன. பைத்தானும் அதையே எடுத்துக்கொண்டது. முதல் நாள் படிப்பவர் அன்று யார் கணக்கிலும் இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்த அறையில் இருந்த எல்லோருமே நிபுணர்கள்.

சி மொழியில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அங்கே = போட்டு மதிப்புக் கொடுப்பதற்கே ஒரு விடை உண்டு. எண் = 5 என்ற செயலின் விடை 5. ஆகவே நிபந்தனைக்குள் எண் == 5 என்று எழுத நினைத்து அதில் ஒரு = விடுபட்டுவிட்டால், மொழி அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளாது. எண்ணை 5 ஆக்கிவிட்டு, 5 பூச்சியம் இல்லையே, ஆகவே "உண்மை" என்று உள்ளே போய்விடும்.

இது புதியவர்களின் தவறு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் 2003 நவம்பரில் நடந்ததைச் சொல்லுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலுக்கு ஒரு நகல் களஞ்சியம் இருந்தது. அதற்குள் யாரோ இரண்டு வரிகளை நுழைத்துவிட்டார்கள். பார்வைக்குச் சாதாரணமான ஒரு சோதனை. இரண்டு விசித்திரமான அமைப்புகள் சேர்ந்து வந்தால், கூடவே பயனர் எண் பூச்சியமாக இருந்தால், பிழை என்று திருப்பி அனுப்பு. ஆனால் அந்த இரண்டாம் பாதியில் யுஐடி (பயனர் எண்) == 0 என்று இருக்க வேண்டிய இடத்தில் (யுஐடி = 0) என்று இருந்தது. லினக்ஸில் பயனர் எண் 0 என்றால் ரூட், எல்லா அதிகாரமும் உள்ளவர். அதாவது, அந்த அமைப்புகளோடு அழைக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் ரூட் ஆகிவிடலாம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்காதபடி அதைச் சுற்றி அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். மூலக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்குப் பதிவு இல்லை என்பதால் உடனே பிடிபட்டது, வெளியே போகவில்லை. நுழைத்தவர் நம்பியது ஒன்றைத்தான்: தேர்ந்த கண்ணும் = குறியை == என்று படித்துவிட்டுக் கடந்துபோகும்.

பிறகு வந்த பல மொழிகள் இதிலிருந்து பாடம் கற்றன. பைத்தானில் நிபந்தனைக்குள் = போட்டால் எரர். ஸ்விஃப்டில் = எந்த விடையும் தருவதில்லை. ஜாவாவில் நிபந்தனை என்பது உண்மை/பொய் வகையாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே எண் = 5 அங்கே செல்லாது. குறியை மாற்றாமல் விபத்தை மட்டும் தடுத்திருக்கிறார்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்பும் விஷயம். புதியவர்களைப் பயமுறுத்துவது பழக்கமில்லாத குறி. அவர்களைக் கவிழ்ப்பது பழகிய குறி. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஏபிஎல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னத் ஐவர்சனின் குறியீட்டிலிருந்து வந்தது. மதிப்புக் கொடுக்க ← என்ற அம்பு, மற்ற வேலைகளுக்கு விசைப்பலகையிலேயே இல்லாத குறிகள் டஜன் கணக்கில். முதன்முறை பார்ப்பவர் மிரண்டுதான் போவார். ஆனால் எண் ← 5 என்பதைப் பார்த்து "எண்ணும் ஐந்தும் சமம்" என்று யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். தெரியாது என்று தெரிவதால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். = குறி அப்படியில்லை. தெரியும் என்ற நினைப்பிலேயே தப்பாகப் படிக்க வைக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் ஒருவர் எழுதியது இது. பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்பை வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம், இப்படியே ஓடும்:

நீளம் = 4
அகலம் = 3
பரப்பு = நீளம் * அகலம்
நீளம் = 10

இப்போது பரப்பு என்ன? 30 என்று எதிர்பார்த்தார், வந்தது 12. இருபது நிமிடம் நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் பிழை இல்லை. பிறகுதான் பேச்சில் தெரிந்தது, அவர் பல வருடம் எக்செலில் வேலை செய்தவர். அங்கே ஒரு கட்டத்தில் = போட்டு எழுதினால் அது நிலைத்த உறவு. நீளம் இருக்கும் கட்டத்தை மாற்றினால் பரப்பு தானாக மாறும். அவர் = குறியை மிகச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார், ஆனால் வேறொரு உலகத்தின் = அது. பள்ளிக் கணக்கில் பரப்பு = நீளம் × அகலம் என்பதும் என்றைக்கும் உண்மையான உறவுதானே. நிரலில் அந்த வரி ஓடிய கணத்தில் 12 என்று கணக்கிட்டு எடுத்து வைத்ததோடு வேலை முடிந்தது. கணக்கில் காலம் என்பதே கிடையாது, நிரலில் ஒவ்வொரு வரிக்கும் முன்பு, பின்பு உண்டு. அவருடைய 20 நிமிடத்தைத் தின்றது இந்த ஒரு வித்தியாசம்.

அதனால் இப்போது என் வகுப்பில் = குறியை "சமம்" என்று வாய்விட்டுப் படிக்க யாரையும் விடுவதில்லை. "இனி" என்று படிக்கச் சொல்கிறேன். எண் = எண் + 1 என்பது, "எண் இனி, இப்போதுள்ள எண்ணோடு 1". "இனி" என்ற சொல்லுக்குள் காலம் இருக்கிறது, முரண்பாடு கரைந்துபோகிறது. == வந்தால் "ஆ" போட்டுக் கேள்வியாகப் படிக்க வேண்டும். எண் == 5 என்பது "எண் ஐந்தா?" விடை ஆம் அல்லது இல்லை. இதை ஒரு வாரம் சத்தமாகச் செய்தவர்கள் = இருக்க வேண்டிய இடத்தில் == போடுவதும், மாற்றிப் போடுவதும் வெகுவாகக் குறைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

பழகிய குறிகள் கவிழ்க்கும் இடங்கள் இன்னும் நிறைய உண்டு. வகுத்தல் ஒன்று. சி மொழியில் 7 / 2 என்றால் 3. இரண்டும் முழு எண்கள் என்பதால் மீதியை வெட்டிவிடும். பைத்தான் 2-இலும் 3-தான். சராசரி கணக்கிடும் நிரல்கள் எத்தனை இதனால் சத்தமில்லாமல் தப்பான விடை தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பைத்தானில் இதை மாற்றும் முன்மொழிவு 2001-இல் வந்தது, முழு எண் வகுத்தலுக்கு // என்று தனிக் குறி கொடுத்தார்கள், / என்றால் எப்போதும் 3.5 என்பது 2008-இல் வெளிவந்த பைத்தான் 3-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாய்கோட்டின் பொருளைத் திருத்த ஏழு வருடம். // குறியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. -7 // 2 என்றால் -4 வரும், ஏனெனில் அது கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. சி-யின் -7 / 2 பூச்சியத்தை நோக்கி வெட்டி -3 தரும்.

அடுக்கை எடுத்துக்கொள்வோம். மைனஸ் இரண்டின் வர்க்கம் என்று நினைத்துக்கொண்டு பைத்தானில் -2 ** 2 என்று அடித்தால் -4 வரும் (** அங்கே அடுக்குக் குறி). முதலில் 2-இன் வர்க்கம், அப்புறம்தான் மைனஸ். கணக்கு மரபும் அதுதான். எக்செலில் =-2^2 என்று அடித்தால் 4. அங்கே மைனஸ் முதலில் ஒட்டிக்கொள்கிறது. எது சரி என்று சண்டை போடுவதைவிட, ஜாவாஸ்கிரிப்ட் 2016-இல் ** குறியைச் சேர்த்தபோது செய்ததைக் கவனியுங்கள். -2 ** 2 என்று எழுதினால் அது ஓடாது, எரர். அடைப்புக்குறி போட்டு எதைச் சொல்கிறாய் என்று தெளிவாகச் சொல், அப்புறம் பார்க்கலாம் என்கிறது. ஒரு குறியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க வாய்ப்பிருந்தால், மொழி தானாக ஒன்றை ஊகித்துக்கொள்வதைவிடக் கேட்பது மேல். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதோடு, சி குடும்பத்தில் ^ என்பது அடுக்கே அல்ல, பிட்டுகளை ஒப்பிடும் வேறொரு செயல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2 ^ 3 என்றால் 1. எரர் வராது, விடை வரும், அதுதான் ஆபத்து.

1 < எண் < 10 என்று கணக்கில் எழுதுகிறோமே, பைத்தானில் அது நாம் நினைப்பதையே செய்யும். சி-யில் முதலில் 1 < எண் என்பதைக் கணக்கிட்டு 0 அல்லது 1 ஆக்கி, அந்த விடை 10-ஐவிடக் குறைவா என்று கேட்கும். எப்போதும் ஆம்தான். எண் 50 ஆக இருந்தாலும் ஆம். ஜாவாஸ்கிரிப்டில் 3 > 2 > 1 பொய் என்று வருவதற்கும் இதே காரணம்.

குறிகளைவிட்டு, "அண்ட்", "ஆர்" என்று சொற்களையே வைத்தால் எளிதாகிவிடுமா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். சொல்லும் பழகிய குறி மாதிரிதான். "எண் ஒன்றோ இரண்டோ?" என்று நாம் கேட்கிறோம். அதை அப்படியே எண் == 1 ஆர் 2 என்று எழுதினால், பைத்தான் அதை இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரிக்கும். எண் ஒன்றா? அல்லது, 2 உண்மையா? பூச்சியமல்லாத எதுவும் உண்மை என்பதால் எப்போதும் உள்ளே போய்விடும். நம் பேச்சில் "எண்" என்ற எழுவாய் இரண்டு "ஓ"-க்கும் பொதுவாக நிற்கிறது, நிரலில் அதை இரண்டு முறை எழுத வேண்டும்.

"அண்ட்" இன்னும் மோசம். "18 வயதுக்காரர்களையும் 20 வயதுக்காரர்களையும் எடுத்துக் கொடு" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு "உம்" இருப்பதைப் பார்த்துவிட்டு, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் வயது = 18 அண்ட் வயது = 20 என்று எழுதினால் ஒரு வரிகூட வராது, ஒரே ஆளுக்கு இரண்டு வயது இருக்க முடியாதே. அங்கே வேண்டியது "ஆர்". நம் "உம்" ஆட்களைச் சேர்க்கிறது, கணினியின் அண்ட் ஒரே ஆள்மேல் நிபந்தனைகளைச் சேர்க்கிறது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் ஒரு வரிசையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஒவ்வொருவராக உங்கள் முன்னால் வந்து நிற்கிறார், அவர் ஒருவரைப் பார்த்து மட்டும் ஆம், இல்லை சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நின்று யோசித்தால் அண்டா ஆரா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

+ குறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் "1" + 1 என்றால் "11", "1" - 1 என்றால் 0. சரங்களை, அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்களை, ஒட்டுவதற்கும் எண்களைக் கூட்டுவதற்கும் ஒரே குறியை வைத்ததன் விளைவு. பிஎச்பி, பெர்ல் இரண்டும் ஒட்டுவதற்குப் புள்ளியை வைத்தன, லூவா இரண்டு புள்ளிகளை. பார்க்க அழகில்லை என்பார்கள். ஆனால் குழப்பம் இல்லை.

=== பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜாவாஸ்கிரிப்டின் == இரண்டு பக்கமும் வேறு வகை என்றால் தானாக மாற்றிப் பார்த்து ஒப்பிடும். "" == 0 உண்மை, "0" == 0 உண்மை, ஆனால் "" == "0" பொய். சமம் என்ற சொல்லுக்கே இது பொருந்தாது. ஏற்கெனவே எழுதப்பட்ட இணையப் பக்கங்கள் உடைந்துவிடும் என்பதால் == குறியைத் திருத்த முடியவில்லை, ஆகவே வகையையும் சேர்த்துப் பார்க்கும் ===-ஐப் பக்கத்தில் வைத்தார்கள். புதியவர் === மட்டும் பயன்படுத்தினால் போதும். பிஎச்பி கொஞ்சம் துணிந்தது. எண் அல்லாத ஒரு சரத்தோடு 0-வை == போட்டு ஒப்பிட்டால் உண்மை என்று வந்துகொண்டிருந்ததை 2020-இல் வெளிவந்த பிஎச்பி 8-இல் பொய் என்று மாற்றிவிட்டார்கள்.

<- அம்பு ஆர் மொழியுடையது. ஏபிஎல்லின் ← அதற்கு முன்னோடி. அந்த அம்புக்குத் தனி விசை விசைப்பலகையிலிருந்து மறைந்துவிட்டதால் இரண்டு எழுத்துகளால் வரைந்துகொண்டார்கள். பொருள் தெளிவானது, மதிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று படமாகவே காட்டுகிறது. ஆர் மொழியில் 5 -> எண் என்று எதிர்ப்பக்கமும் எழுதலாம், "ஐந்தை எண்ணில் வை" என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்த வரிசை இன்னும் சுலபம். ஆனால் இடைவெளி விடாமல் எண்<-5 என்று எழுதினால்? "எண், மைனஸ் ஐந்தைவிடக் குறைவா" என்று கேட்க நினைத்திருப்பீர்கள். ஆர் அதை மதிப்புக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு எண்ணில் இருந்ததை அழித்து 5-ஐ வைத்துவிடும். நல்ல குறிக்கும் இப்படி ஒரு பள்ளம் உண்டு.

குறிகளைப் புதியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஊகிக்காமல் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரியாஸ் ஸ்டீஃபிக், சூசன்னா சீபர்ட் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ரேண்டமோ என்று ஒரு மொழியையே செய்தார்கள். அதில் பல குறிச்சொற்களையும் குறிகளையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். முதன்முறை நிரல் எழுதுபவர்களிடம் வெவ்வேறு மொழிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, பெர்லிலும் ஜாவாவிலும் எழுதியவர்கள் ரேண்டமோவில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சரியாக எழுதவில்லை. பைத்தான், ரூபி, குவோரம் மூன்றிலும் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள். குவோரம் ஸ்டீஃபிக் உருவாக்கிய மொழி, ஆரம்பத்தில் பார்வையற்ற மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. திரைவாசிப்பான் நிரலை வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு குறியும் காதில் விழும் அல்லவா. அதில் மதிப்புக் கொடுக்கவும் = தான், ஒப்பிடவும் = தான். இடத்தைப் பார்த்து எது என்று மொழியே புரிந்துகொள்ளும். பேசிக்கின் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறது.

இந்த ஆய்வு அளப்பது முதல் அடியை மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம். பத்து வருடம் எழுதப்போகிற ஒருவருக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி. ஆனால் முதல் அடியிலேயே எத்தனை பேர் "இது நமக்கு ஆகாது" என்று எழுந்து போகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவனாகச் சொல்கிறேன், அந்த அடி முக்கியமானது.

சரி, இஷ்டத்துக்குத்தான் வைக்கிறார்களா? ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படித்தான், பிறகு மாற்றவே முடியாது. சி-யில் & குறிக்கு ஒப்பீட்டைவிடக் குறைந்த முன்னுரிமை இருக்கிறது. அ & ஆ == இ என்று எழுதினால் முதலில் ஆ == இ என்பதைப் பார்க்கும், பெரும்பாலும் நமக்கு வேண்டியது அதுவல்ல. && குறியை மொழியில் சேர்த்தபோதே இதைச் சரிசெய்திருக்கலாம், ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் இருந்ததால் விட்டுவிட்டோம் என்பதை சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி பின்னால் ஒப்புக்கொண்டார். அன்று கையில் இருந்த நிரல்கள் இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்தச் சிறு குவியலைக் காப்பாற்றிய முடிவு இன்று எத்தனையோ மொழிகளில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் இப்போது ஒரு குறியைச் சேர்ப்பதென்றால் இவ்வளவு தகராறு. 2018-இல் பைத்தானில் := என்ற குறியைச் சேர்ப்பதா என்ற விவாதம் சூடாக நடந்தது. பைத்தானை உருவாக்கிய கிடோ வான் ராஸம் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் அந்தச் சண்டையின் களைப்பிலேயே அதே ஜூலையில் பைத்தானின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். இரண்டே எழுத்து. நிபந்தனைக்குள் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு = வேண்டாம், வேறாகத் தெரியும் குறியாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள். லினக்ஸ் கதையை நினைத்துக்கொண்டால் அந்தக் கவனத்தின் அருமை புரியும்.

நீங்கள் எந்த மொழியில் ஆரம்பித்தாலும் சரி, பைத்தான் என்றால் இன்னும் சரி, ஒவ்வொரு குறியையும் முதன்முறை பார்க்கும்போது ஷெல்லில் (ஒரு வரி அடித்ததும் விடை காட்டும் சாளரம்) நான்கைந்து முறை அடித்துப் பாருங்கள். குறையெண் போட்டு, பூச்சியம் போட்டு, எண்ணுக்குப் பதில் சரம் போட்டு. விடை என்ன வரும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு அப்புறம் எண்டர் தட்டுங்கள். முன்னுரிமை அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம், சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போடுங்கள், எத்தனை வருடம் ஆனாலும் நானும் அதைத்தான் செய்கிறேன்.

முதலில் இதை அடித்துப் பாருங்கள்: எண் = 5, அடுத்த வரியில் ++எண், அப்புறம் எண். சி-யில் ++ என்றால் ஒன்று கூட்டு. பைத்தானில் எரரும் வராது, எண்ணும் மாறாது, 5 அப்படியே இருக்கும். பைத்தானில் ++ என்று ஒரு குறியே கிடையாது. அப்படியானால் அந்த வரியை அது எப்படிப் படித்திருக்கும்? -எண் என்பதை எப்படிப் படிக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்து யோசியுங்கள்.